மதுரை ஆஸ்பத்திரித் தொண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் முகாமுக்கு முதல் தடவை வரும் கல்லூரிப் பிள்ளைகளும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ‘சும்மா இருக்கறதுக்கு ஏதாவது செய்யலாமே’ என்று வருகிறவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதி பழங்கதை, பாதி வேலை விவரம். அவசரக்காரர்கள் கதையைத் தாண்டி முகாம் நாள் பற்றிய பதிலுக்குப் போய்விடலாம்.

ஆஸ்பத்திரியில் தொண்டர்களுக்கு என்ன வேலை? டாக்டர், நர்ஸ் எல்லாரும்தான் இருக்கிறார்களே?

வைத்தியம் அவர்களுடையது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பது நம்முடையது. நம் பக்கம் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. சீட்டு வாங்க வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும்; எக்ஸ்ரே அறைவரை ஸ்ட்ரெச்சர் கூடவே நடக்க, ராத்திரி கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுக்க, காலையில் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வர ஆள் வேண்டும். அப்படி யாரும் இல்லாதவர், டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கவுன்டருக்குப் போவது என்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். நல்ல டாக்டர் கிடைத்தும் அவருக்கு வைத்தியம் கிடைக்காது.

மதுரையில் ஆஸ்பத்திரித் தொண்டு என்று எதை எடுத்துக்கொண்டாலும், துணைக்கு ஆள் இல்லாதவருக்கு ஆளாக நிற்பதில்தான் போய் முடியும். வைத்தியம் மாற மாற, அந்த ஆள் செய்ய வேண்டிய வேலையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கீழே சொல்லும் வரலாறு பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பற்றியதுதான்.

மதுரையில் இது எந்தக் காலத்தில் தொடங்கியது?

அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834-இல். பள்ளிக்கூடமும் மருந்தகமுமாகத் தொடங்கிய அவர்கள் வேலையின் தொடர்ச்சிதான் கீழ வெளி வீதியில் இன்றும் இருக்கிற கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை. டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் 1890-களில் அங்கே ஆண்களுக்கான மருத்துவமனையைக் கட்டியபோது, உள்ளூர் ஜமீன்தார்களும் செல்வந்தர்களும் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் இந்துக்களே அதிகம். மிஷன் ஆஸ்பத்திரி என்றதும் எல்லாப் பணமும் கப்பலில் வந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பெண் நோயாளிகளிடம் போய் உட்கார்ந்து பேசியவர்கள் ‘பைபிள் பெண்கள்’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, மதம் பரப்பும் நோக்கமும் உண்டு. ஆகவே இன்றைய அர்த்தத்தில் அவர்களைத் தொண்டர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கலாம் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

காந்திய வழியில் வந்தவர்கள் ஏதும் செய்யவில்லையா?

செய்தார்கள். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதில் மணமுடித்த கணவரும் டாக்டர். நோயாளிகளைக் கவனித்ததில் பிளேக் தொற்றி இறந்துபோனார். அதற்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து, காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, வசதியான நகரத்தில் கிளினிக் வைக்காமல் கிராமத்துக்கு வந்தவர் சௌந்தரம். கஸ்தூர்பா மருத்துவமனை அங்கே சிறிய அளவில்தான் தொடங்கியது. அப்போது அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985-இல்.

படித்த பெண்கள் வெளியூரிலிருந்து வந்து சேவை செய்துவிட்டுப் போவதை அவர்கள் நம்பியிருக்கவில்லை. கிராமத்துப் பெண்களையே சேவிகாக்களாகப் பயிற்றுவித்தார்கள். பிரசவத்துக்கு முன் யார் வீட்டில் யார் சோகையோடு இருக்கிறாள் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிகிற மாதிரி நகரத்து டாக்டருக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய தொண்டு அமைப்புகள் பல அவர்களைவிடப் பின்தங்கித்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

பெரியாஸ்பத்திரிக்கு ஏன் ‘எர்ஸ்கின்’ என்று ஒரு பேர்?

எர்ஸ்கின் பிரபு 1934 முதல் 1940 வரை மெட்ராஸ் மாகாண ஆளுநர். அவர் பெயர். பிறகு அரசு இராஜாஜி மருத்துவமனை ஆனது. ஊருக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரிதான். 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்ததும் சுற்றியுள்ள மாவட்டங்களின் கடைசி நம்பிக்கையும் அதுவே ஆயிற்று.

கண் முகாம்கள் எப்படி வந்தன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரையில் சாதாரண மனிதர்கள் ஆஸ்பத்திரி வேலைக்குள் கூட்டமாக வந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராக வந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டு அறுவை செய்தவர். கண்புரை வந்த கிழவர்கள் பெரும்பாலோர் பெரியாஸ்பத்திரிக்கு வரவே மாட்டார்கள். ‘வயசாச்சு, பார்வை போச்சு’ என்று திண்ணையோடு இருந்துவிடுவார்கள். அவர்கள் வராததால் டாக்டர்கள் ஊருக்குப் போனார்கள். பள்ளிக்கூடம், சத்திரம், ரைஸ்மில் கொட்டகை, எது கிடைத்ததோ அங்கே முகாம். வடக்கே பஞ்சாபிலும் கர்நாடகத்திலும் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கண் அறுவை செய்யும் முகாம்கள் முன்பே இருந்தன.

அன்றைய அறுவையை இன்றைய பிள்ளைகள் கற்பனை செய்வது கஷ்டம். புரை விழுந்த லென்ஸை முழுசாக எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதில் உள்ளே எதையும் வைப்பதில்லை. கண்ணில் கட்டுப் போட்டு, தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்க வேண்டும். வகுப்பறைத் தரையில் வரிசையாகப் பாய். அத்தனை பேருக்கும் கஞ்சி ஊட்டணும், கொல்லைப்பக்கம் கைபிடித்துக் கூட்டிப் போகணும், ராத்திரி தூக்கத்தில் கட்டைப் பிய்த்துவிடாமல் பார்க்கணும். வந்திருந்த நாலைந்து நர்ஸுகளால் ஆகிற காரியமா அது? ஊர்க்காரர்கள் வந்தார்கள். வாத்தியார், மளிகைக்கடைக்காரர், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் பெண்கள். கட்டுப் பிரித்ததும் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான்.

வெங்கடசாமி 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே அதில் இறங்கியது. 2006-இல் அவர் மறைந்தார். அந்த வீட்டில் தொடங்கியது எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதை மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகாமிலேயே அறுவை செய்வதை ஏன் நிறுத்தினார்கள்?

பள்ளிக்கூட வகுப்பறை எவ்வளவு கழுவினாலும் ஆபரேஷன் தியேட்டர் ஆகாது. தொற்று வந்தால் கண்ணே போய்விடும். அடுத்து, கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ். 1949-லேயே லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டாக்டர் அதைப் பொருத்திக் காட்டிவிட்டார். ஆனால் இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் அரவிந்த்காரர்கள் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸ் தயாரித்தபின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. லென்ஸ் வைக்கும் அறுவைக்கு மைக்ராஸ்கோப் வேண்டும், சுத்தமான தியேட்டர் வேண்டும். எனவே பரிசோதனை மட்டும் ஊரில், அறுவை மதுரையில் என்று ஆயிற்று.

அதோடு தொண்டர்களின் வேலையும் தலைகீழாக மாறியது. ஒரு வாரம் ஊட்டிவிட வேண்டியதில்லை. ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பதில், ஒருநாளும் மதுரையைப் பார்க்காத பாட்டியை அன்று மத்தியானமே பஸ்ஸில் ஏறச் சம்மதிக்க வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஊட்டிவிடுவது சுலபம்.

இலவசம் என்றால் வந்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள். ஆரம்பத்தில் அறுவை இலவசம் என்று சொல்லியும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் சிலர்தான் வந்தார்கள். ஏன் என்று கேட்டபோது சொன்ன காரணங்கள் எல்லாம் வீட்டுக் காரணங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, மதுரையில் சோற்றுக்கு என்ன செய்வது, கூட வர மகனுக்கு ஒருநாள் கூலி போகும், ஆட்டை யார் பார்ப்பார்கள். போகவர வண்டி, சாப்பாடு, தங்கும் இடம், மருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். ஆட்டுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அதைப் பக்கத்து வீட்டில் பேசி ஒப்படைப்பது உள்ளூர்த் தொண்டரின் வேலை. சிரிக்காதீர்கள், நடக்கிறது.

முகாம் நாளில் நான் என்ன செய்ய வேண்டும்?

முகாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரமே ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு, டீக்கடையில் நோட்டீஸ். நோட்டீஸைவிட ரேஷன் கடை வரிசையில் சொல்வது வேலை செய்கிறது.

காலையில் பெஞ்சுகளைப் போட்டு வரிசையை அமைக்க வேண்டும். முதலில் பதிவு. அடுத்து எழுத்து அட்டையில் பார்வை. படிக்கத் தெரியாதவருக்கு விரலை எண்ணச் சொல்வார்கள். பிறகு முதல் டாக்டர், பிறகு கண் அழுத்தம், அதாவது எல்லாரும் ‘டென்ஷன்’ என்கிறார்களே அது. கண்ணீர்ப்பை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடைசியில் பெரிய டாக்டர். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் ஆட்கள் தொலைந்துபோவார்கள். சர்க்கரை பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை மடக்கி அடுத்த மேசையில் உட்கார வைப்பதுதான் பாதி வேலை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் ஓர் அப்பத்தாவுக்கு அறுவை எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றவர், நகையைக் கழற்றி வீட்டில் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றதும் எழுந்து நடந்துவிட்டார். காதில் தண்டட்டி. கல்யாணத்துக்குப் போட்டது, கழற்றினதே இல்லை. டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், நான் சொன்னேன். அசையவில்லை. கடைசியில் எங்களோடு வந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவி, மரத்தடியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அப்பத்தா, இதை யாருக்குக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள். பேத்திக்கு என்றார். “அப்ப இன்னைக்கே அவ கையில குடுங்க. திரும்பி வந்து அவ முகத்தைப் பாத்துட்டு வாங்கிக்கங்க.” பேத்தியைக் கூப்பிட்டு அனுப்பினோம். பஸ் அதற்காக அரைமணி நேரம் நின்றது, டிரைவர் திட்டினார்.

அந்த மாணவிக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவள் வீட்டிலும் ஓர் அப்பத்தா இருந்திருக்க வேண்டும்.

லயன்ஸ் கிளப் எப்படி இதற்குள் வந்தது?

1925-இல் அமெரிக்காவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார், பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் வேலை அவர்கள் கையெழுத்தாயிற்று. இந்தியாவுக்கு அவர்கள் வந்தது 1956-இல். நம் பகுதியில் முகாமுக்கான விளம்பரம், பந்தல், சாப்பாட்டுச் செலவை ஏற்பது லயன்ஸ், ரோட்டரி, கோவில் அறக்கட்டளை, வணிகர் சங்கம், சில சமயம் இறந்துபோன அப்பாவின் நினைவாக ஒரு குடும்பம். பேனர் பெரிதாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சாம்பார் சாதம் அவர்கள் காசு.

என்.எஸ்.எஸ். கணக்குக்காக வருகிறோம். பரவாயில்லையா?

தாராளமாக. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்பது கணக்கு. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா என்று எங்கிருந்து வந்தாலும் வருகைப் பதிவுக்காகத்தான் முதல் தடவை வருகிறார்கள். இரண்டாவது தடவை வருகிறவரை வைத்துத்தான் நாங்கள் ஆளைக் கணிக்கிறோம்.

வார்டில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கலாமா?

பிறந்த நாள், நினைவு நாள் என்றால் உடனே பெரியாஸ்பத்திரி ஞாபகம் வருவது மதுரையின் நல்ல குணம். வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பின் வழியில் வந்தவர்கள் இன்றும் பல ஊர்களில் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஆனால் கட்டிலுக்குக் கட்டில் போய்க் கொடுக்காதீர்கள். மறுநாள் ஆபரேஷனுக்குப் பட்டினி இருப்பவரும் கேசரியை வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். சர்க்கரை நோயாளி மறுக்கவே மாட்டார். கூட இருப்பவர்களுக்கு, வெளியில், அனுமதி வாங்கிக் கொடுங்கள். பசி அவர்களுக்குத்தான் அதிகம். நோயாளிக்கு ஆஸ்பத்திரி உணவு வரும், துணைக்கு வந்தவருக்கு வராது. இன்னொன்று: ஒரே நாளில் ஏழு பேர் பிரியாணி கொண்டுவருவதும், அடுத்த மூன்று நாள் யாரும் வராததும் அடிக்கடி நடக்கிறது. முன்பே கேட்டுவிட்டு வாருங்கள்.

ரத்த தானம்?

முன்பெல்லாம் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி 1 முதல் அது தடை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் கல்லூரி மாணவர்களும், சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள், சினிமா ரசிகர் மன்றத்துப் பையன்களும்தான். தலைவர் பிறந்த நாளுக்குப் பாலை ஊற்றுவார்கள். அதே நாளில் வரிசையில் நின்று ரத்தமும் கொடுப்பார்கள். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

காசநோய்க்குத் தொண்டர்கள் எதற்கு?

ஒரு காலத்தில் காசநோய் என்றால் தோப்பூர்ப் பக்கம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று நிரூபித்தது. உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் சானடோரியத்தில் மாத்திரை கொடுக்க நர்ஸ் இருந்தார், வீட்டில் யார்? இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் சாப்பிட வைக்க அங்கன்வாடிப் பணியாளர், பெட்டிக்கடைக்காரர், தெருவில் யாராவது ஒருவர் தேவைப்பட்டார்கள். 2022 முதல் ‘நிக்ஷய் மித்ரா’ என்ற திட்டத்தில், நோயாளிக்கு மாதாந்திர ஊட்டச்சத்துப் பொருள் வாங்கித் தரும் பொறுப்பைத் தனிநபரும் ஏற்கலாம்.

கண் தானத்துக்கு இழவு வீட்டில் போய் எப்படிக் கேட்பது?

ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஆகவே பதினாறாம் நாள் வரை காத்திருக்க முடியாது. விதவையிடமோ மூத்த மகனிடமோ நேராகப் போகாதீர்கள். பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மாமன் மச்சான் ஒருவர் இருப்பார்; அவரைத் தெருமுனைக்கு அழைத்துப் பேசுங்கள். அவர் உள்ளே போய்க் கேட்பார். ‘முகம் கெட்டுப்போகுமா’ என்றுதான் முதல் கேள்வி வரும். கெடாது, சுமார் இருபது நிமிட வேலை. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லாரும் கொடுக்கலாம். டாக்டர் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை வையுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வற்புறுத்தி வாங்கினால் அந்தத் தெருவில் அடுத்த இருபது வருடத்துக்கு யாரும் தரமாட்டார்கள்.

தொண்டர்கள் வந்துவிட்டால் ஆஸ்பத்திரிகள் சம்பளத்துக்கு ஆள் போடாமல் விட்டுவிடாதா?

நியாயமான பயம். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, வார்டைக் கழுவுவது, மருந்து கொடுப்பது எல்லாம் சம்பள வேலைகள். அங்கே ஆள் குறைந்தால் கேட்க வேண்டியது நிர்வாகத்தை. நாம் புகுந்து அடைத்தால் அந்த ஓட்டை யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். ஒருநாள் அவசரத்துக்குக் கை கொடுக்கலாம். அதுவே தினசரி ஆகும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும். இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் இருக்கிறார்கள்; நோயாளி காத்திருக்கும்போது கொள்கை பேசாதே என்பார்கள். நான் பேசுவேன்.

செய்யவே கூடாதது?

நோயாளியைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவது. மருந்து பற்றி ஆலோசனை சொல்வது. ‘இதைவிட அந்தத் தனியார் ஆஸ்பத்திரி நல்லது’ என்று காதில் ஓதுவது. அப்படிச் சொல்கிறவரை புரோக்கர் என்றுதான் நினைப்பார்கள், பல சமயம் அது சரியாகவும் இருக்கும்.

முகாம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பினால் வேலை முடிந்ததா?

ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபரிசோதனை. அறுவை செய்தவர்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். வந்தவர்களை டிக் செய்யுங்கள், வராதவர்களின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போய்விடுங்கள். பாதிப் பேர் நன்றாகத் தெரிவதால் வராமல் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், அவர்களால் தொந்தரவில்லை. கண் சிவந்து வலிக்கிறது, நீர் வடிகிறது என்று யாராவது சொன்னால், சொட்டு மருந்து தீர்ந்த பிறகு வேறு என்ன விட்டார்கள் என்று கேளுங்கள். சூட்டுக்கு நல்லது என்று விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விட்டிருப்பார்கள். திட்டாமல், அடுத்த பஸ்ஸில் நீங்களே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.